எடில்சாவின் வாய்க்கு ஒரு சிவப்பு

எடில்சா காசியானி பதினொரு வருஷம் பார்சல் ஆபீசில் இருந்தாள். பார்ரன்கியா பஸ் நிலையத்தில் எங்கள் கம்பெனியின் பார்சல் ஆபீஸ் என்பது கட்டடத்துக்குப் பின்னால் டீசல் புகையும் கோழி நாற்றமும் அடிக்கிற ஒரு தகரக் கொட்டகை. மரவள்ளி மூட்டை, பாலாடைக்கட்டி டின், கால் கட்டின சேவல், யாரோ மகளுக்கு அனுப்புகிற பழைய ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அவள்தான் எடைபோட்டு, கயிற்றை இறுக்கி, எது எந்த பஸ்ஸில் ஏற வேண்டுமென்று கத்துவாள். அவள் கத்தினால் மொந்தேரியா பஸ்ஸில் படுத்திருக்கிற டிரைவர் எழுந்து உட்கார்ந்து சிலுவைக்குறி போட்டுக்கொள்வார். இத்தனை வருஷத்தில் ஒரு பொட்டலமும் தொலைந்ததில்லை. ஆனால் முன்பக்கம் வந்துபோகிற பயணிகளில் ஒருத்தருக்காவது அவள் முகம் தெரியுமா என்றால், தெரியாது.

நான் நூரிஸ். நாலாம் கவுண்டர். பால் கொஞ்சம் தாராளமாக விட்ட காப்பி மாதிரி நிறம் எனக்கு. அந்தப் பாலுக்காகத்தான் வந்த முதல் நாளே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள் என்பதை நான் மறந்ததில்லை. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். சிரிப்பார்கள், தோளில் தட்டுவார்கள், கறுப்பியைப் பின்பக்கம் அனுப்பிவிடுவார்கள்.

எடில்சா பலென்கேயில் பிறந்தவள், அந்தக் காலத்தில் தப்பி ஓடின கறுப்பு அடிமைகள் கட்டின ஊர் அது. ஒன்பது வயதில் அம்மாவோடும் அக்கா தொமாசாவோடும் பார்ரன்கியாவுக்கு வந்தாள். அம்மாவும் அக்காவும் தலையில் பாத்திரம் சுமந்து மிட்டாய் விற்றார்கள். எடில்சா பகலில் பாத்திரம் தேய்த்துவிட்டு இரவுப் பள்ளியில் படித்து முடித்தாள். கல்யாணம் என்று ஒன்று நடந்து, அது நாலு வருஷத்தில் தானாகவே தேய்ந்து போனது. ஒரு மகன் பொகோட்டாவில் சமையல் வேலை பார்க்கிறான். இதற்கு மேல் அவளைக் கேட்டால், "மிச்சமெல்லாம் மூட்டைதான்" என்பாள்.

அந்த ஜனவரியில் ஐந்தாம் கவுண்டர் பெண் புருஷனோடு பனாமாவுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் எடில்சா கையைத் துடைத்துக்கொண்டு நேராக முதலாளி தொன் அனிபாலின் அறைக்குள் போனாள்.

"ஐயா, அஞ்சாம் கவுண்டர் எனக்கு வேணும்."

"உனக்கா? பின்னாடி யாரு பாப்பா?"

"பின்னாடி யாரு வேணா பாக்கலாம். மூட்டைக்கு முகம் தேவையில்ல. இடுப்பு போயிடுச்சு ஐயா. அது ஒண்ணு. இன்னொண்ணு, நாப்பத்தொண்ணு ஆகுது எனக்கு. மிச்ச நாளாவது மனுஷங்க முகத்தப் பாத்து வேல செய்யணும். அவங்களும் என் முகத்தப் பாக்கட்டும்."

தொன் அனிபால் கெட்டவரில்லை. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிற மனுஷர். அன்று கடைசியாகப் பேசினது எடில்சா. கவுண்டர் கிடைத்துவிட்டது.

சிக்கல் அவர் மனைவி தோன்யா மிரேயாவிடம் இருந்தது. கவுண்டர் பெண்கள் எப்படி இருக்க வேண்டுமென்று சட்டம் போடுவது அந்த அம்மாள்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிவப்பு ஸ்கார்ஃப், உதட்டில் சிவப்பு லிப்ஸ்டிக். அதுவும் ஐந்து பேருக்கும் ஒரே சிவப்பு. அதற்குக் கம்பெனி சிவப்பு என்றே பெயர். அந்த அம்மாள் கேட்டலாக் வைத்து அழகுச் சாமான் விற்கிறாள். எங்கள் ஊரில் யார்தான் விற்கவில்லை, பல் டாக்டரின் நர்ஸ்கூட வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு மடியில் கேட்டலாக்கை வைப்பாள். ஆக, கம்பெனி சிவப்பு எந்தக் கேட்டலாக்கிலிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் அந்தச் சிவப்பைப் பூசிக்கொண்டு சிரிக்கிறவள் கோதுமை நிறத் தலைமுடிக்காரி.

எடில்சா முதல் நாள் வந்து உட்கார்ந்தாள். சட்டைக்கு அப்படி ஒரு இஸ்திரி. ஸ்கார்ஃப் கச்சிதம். கம்பெனி சிவப்பை என் கைக்கண்ணாடியைப் பார்த்துப் பூசினாள். பூசி முடித்து என் பக்கம் திரும்பினாள். நான் கண்ணாடியை வாங்கிப் பைக்குள் வைத்தேன். அந்தச் சிவப்பில் ஆரஞ்சு அதிகம், அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெளுப்பு வேறு. என் உதட்டில் சுமாராக நிற்கும். எடில்சாவுக்கு மேலுதடு வறுத்த காப்பிக்கொட்டை நிறம், கீழுதட்டின் நடுப்பகுதி மட்டும் ரோஜா நிறம். மேலே அந்தச் சாயம் சாம்பல் பூத்துக் கிடந்தது, கீழே பளீரென்று எரிந்தது. ஒரு வாயில் இரண்டு வாய்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மொந்தேரியா பஸ் டிரைவர் சேப்பே உள்ளே வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அடடே, புலோய்! இன்னும் ஊர்வலமே கிளம்பல, அதுக்குள்ள வேஷம் கட்டிட்டியா?"

புலோய் எங்கள் கார்னிவல் வேஷம். கறுப்புப் பனியனும் கரி பூசின முகமுமாக, புள்ளிபோட்ட சிவப்புப் பாவாடை கட்டி, வாயைக் காதுவரை சிவப்பாக வரைந்துகொண்டு இடுப்பை ஆட்டிப் போவார்கள். கறுப்புப் பெண் சிவப்பு பூசினால் எங்கள் ஊர்க்காரன் வாயில் முதலில் வருகிற சொல் அதுதான். வரிசையே சிரித்தது. ஒரு குழந்தைகூடச் சிரித்தது, ஏன் என்று தெரியாமலே.

எடில்சா சேப்பேயைப் பார்க்கவே இல்லை. முன்னால் நின்ற ஆளுக்குச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். "அடுத்து யாரு?" என்றாள். அடுத்த ஆளின் நோட்டை மூன்று முறை எண்ணினாள். நான் பக்கத்துச் சன்னல், எனக்குத் தெரியும். எனக்கு வந்த கோபத்தில் சேப்பேயின் தலையில் டிக்கெட் மெஷினைத் தூக்கிப் போட்டிருப்பேன். அது மேசையோடு திருகப்பட்டிருந்தது.

மத்தியானம் அவள் உதட்டை ஒரு காகிதத்தில் துடைத்து, அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூரிஸ், இது என்ன கலர்?"

"சிவப்புதான்."

"பேப்பர்ல சிவப்பு. என் மேல என்னவா இருந்துச்சு? பொய் சொல்லாத."

"பூசணிக்கா."

"ம்." காகிதத்தை மடித்துக் குப்பையில் போட்டாள். "சரி. அப்ப கோளாறு சிவப்புல இல்ல, இந்தச் சிவப்புலதான்."

சாயங்காலம் தொன் அனிபால் கூப்பிட்டார். தோன்யா மிரேயா ஏற்கனவே பேசிவிட்டாள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பயணிகள் சிரிக்கிறார்கள், கம்பெனி மானம் போகிறது, வாயைச் சும்மா விட்டால் சட்டத்துக்கு ஒத்து வராது, அதனால் எடில்சா பின்பக்கமே போவது எல்லோருக்கும் நல்லது. ஐந்தாம் கவுண்டருக்கு அந்த அம்மாளின் அண்ணன் மகள் யுரானிஸ் தயார், ஸ்கார்ஃப்கூட வாங்கிவிட்டார்கள்.

"சிவப்புதான சட்டம்?" என்று கேட்டாள் எடில்சா. "எனக்குப் பொருந்துற சிவப்பு பூசிட்டு வந்தா?"

"அப்படி ஒண்ணு இருக்கா?" அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"தேடணும். நாள் குடுங்க."

எங்கள் ஊரில் எதையும் கார்னிவலுக்கு அப்புறம் என்று தள்ளிவைப்பதுதான் வழக்கம். பல் பிடுங்குவது, விவாகரத்து, கூரை ஒழுகுவது எல்லாமே அப்படித்தான். தொன் அனிபாலும் பழக்கதோஷத்தில் அதையே சொன்னார். "சரி, கார்னிவல் முடியட்டும். புதன்கிழமை காலையில உன் வாயப் பாக்குறேன். நல்லா இருந்தா இரு. இல்லேன்னா அன்னைக்கே பின்னாடி போயிடு."

கார்னிவல் முடிகிற புதன் என்ன புதன் என்று அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

அதுவரை அவளை வாயில் ஒன்றும் பூசாமல் உட்கார விட்டார்கள். அவள் சாயங்காலம் வேலை முடிந்ததும் ஊர் நடுவில் இருக்கிற கடைத்தெருவுக்கு ஓடுவாள். பாதி நாள் நானும் கூடப் போவேன். என் வீட்டுக்காரர், "லிப்ஸ்டிக் வாங்கப் போறீங்களா, வீடு வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

ஒரு கடையில் ஒரு சின்னப் பெண் எடில்சாவைப் பார்த்த மாத்திரத்தில் பிரவுன் லிப்ஸ்டிக் தட்டை இழுத்து முன்னால் வைத்தாள்.

"உங்களுக்கு இதான் அக்கா நிக்கும்."

"நான் சிவப்பு கேட்டேன் கண்ணு."

"உங்கள மாதிரி இருக்கிறவங்களுக்கு நாங்க பிரவுன்தான் குடுப்போம்."

"என்ன மாதிரி? பஸ் கம்பெனில வேல பாக்கிறவங்களுக்கா?"

அந்தப் பெண் திருதிருவென்று விழித்துவிட்டு சிவப்புத் தட்டை எடுத்து வைத்தாள்.

அன்றுமுதல் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். புறங்கையில் தீற்றிப் பார்த்தால் எல்லாமே அழகு, உதட்டில் வந்தால் வேறு முகம் காட்டும். கடைக்குள் ட்யூப் லைட்டில் ரத்தினம் மாதிரி இருக்கிறது தெருவில் வெயிலில் இளஞ்சிவப்பாக இளித்துக்கொண்டு நிற்கும். அதனால் எடில்சா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். பூசுவாள், கடையை விட்டு வெளியே வருவாள், நிறுத்தியிருக்கிற ஏதாவது மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் குனிந்து பார்ப்பாள். ஒரு நாள் வண்டிக்காரன் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"கண்ணாடியக் கழட்டிக் குடுக்கட்டுமா ராணி?"

"கொஞ்சம் தலையத் தள்ளு ராஜா, வெளிச்சத்த மறைக்கிற."

அவன் மரியாதையாகத் தலையைத் தள்ளிக்கொண்டான். "இது வேணாம்க்கா" என்று கருத்து வேறு சொன்னான். அவன் சொன்னது சரிதான். அது தக்காளி.

நான் ஒரு கருஞ்சிவப்பைச் சிபாரிசு செய்தேன். அதைப் பூசினால் காய்ச்சலில் படுத்து எழுந்தவள் மாதிரி இருந்தாள். மினுமினுக்கிற ஒன்று, பொரித்த மீன் தின்றுவிட்டு வாய் துடைக்காத மாதிரி இருந்தது. நான் சோர்ந்துவிட்டேன். "வாசலின் தடவிட்டுப் போயேன், அந்தம்மாகிட்ட நான் சண்ட போடுறேன்" என்றேன்.

"நீ சண்ட போட்டு எனக்கு வெறும் வாய் வாங்கித் தருவ. எனக்கு வெறும் வாய் வேணாம். சிவப்பப் பாத்துதான சிரிச்சாங்க? சிவப்பாவே உக்காருவேன்."

அக்கா தொமாசா இதைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அடுப்பில் தேங்காய் மிட்டாய் கிளறிக்கொண்டே தங்கையை வறுத்தெடுத்தாள்.

"நாப்பது வயசுக்கு மேல என்னடி கோலம் இது? அம்மா என்ன சொன்னா? நமக்கு வாய் இருக்கிறதே போதும், அதுக்கு விளக்கு வேற போடணுமான்னு கேக்கல?"

"கேட்டா."

"அப்புறம்?"

"அம்மாவுக்குப் பயம். தெருவுல எவனும் எதுவும் சொல்லிடக் கூடாதுன்னு பயம். ஒண்ணும் பூசாமதான் போனா, ஆனாலும் சொன்னானுங்க. நானும் பயந்துகிட்டே இவ்வளவு நாள் ஓட்டிட்டேன் தொமாசா. போதும்."

தொமாசா கரண்டியைப் பாத்திரத்தில் ஓங்கித் தட்டினாள். அடுப்பை அணைத்தாள். ஆனால் மிட்டாய் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

கார்னிவலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. பஸ் நிலைய வாசலில் வண்டிக்கடையில் சோளமாவுக்குள் முட்டை வைத்துப் பொரித்த அரேப்பா தின்றுகொண்டிருந்தோம். எடில்சா பெரிய கிளாசில் கொரோசோ பழச்சாறு வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு ஏதோ சொல்ல என் பக்கம் திரும்பினாள். எனக்கு அரேப்பா தொண்டையில் சிக்கியது.

"துடைக்காத! அப்படியே இரு!"

"என்னடி, பூச்சியா?"

"வாய்! உன் வாய்! மேல பாரு!"

கொரோசோவின் சாயம் அவள் மேலுதட்டில் படிந்திருந்தது. ஆரஞ்சு கிடையாது, வெளுப்பு கிடையாது. உள்ளுக்குள் துளி நீலம் ஓடுகிற ஆழமான சிவப்பு. எத்தனையோ வருஷமாக தினம் அந்தச் சாற்றைக் குடித்துவிட்டு தினம் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டிக்கடைக்காரியிடம் கண்ணாடி வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு இன்னொரு சாறு வாங்கி, குடிக்காமல், ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி மூடிப் பைக்குள் வைத்தாள்.

கடைத்தெருவில் அந்தச் சின்னப் பெண், பாட்டிலோடு வந்த எங்களைப் பார்த்ததும், "மறுபடியுமா?" என்று முனகினாள். எடில்சா சிவப்புத் தட்டை அப்படியே கடை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்து, பாட்டிலை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பிடித்தாள். கடைப்பெண்ணும் வந்து குனிந்தாள். போகிறவர்கள் நின்றார்கள். ஒரு கிழவர், "என்னம்மா, போலீஸ் சோதனையா?" என்றார். கடைசி வரிசையில், பெயர்ச் சீட்டுகூட உரிந்து போன ஒன்று. பாட்டிலும் அதுவும் கூடப் பிறந்தவை.

அப்போதும் பாதிதான் வென்றிருந்தோம். மேலுதட்டில் அது அரசி மாதிரி உட்கார்ந்தது. கீழுதட்டின் ரோஜா நடுவில் மட்டும் தனியாகப் பிதுங்கிக்கொண்டு, கம்பெனி சிவப்பின் அதே வேலையைக் காட்டியது. இரண்டு வாய் கொஞ்சம் நெருங்கி வந்திருந்தது, அவ்வளவுதான். எடில்சா கண்ணாடியைக் கீழே வைத்தாள். அன்றுதான் முதல்தடவை அவள் கண் கலங்கிப் பார்த்தேன்.

"நாளைக்குக் கார்னிவல்" என்றேன். "விடு, ஆடிட்டு வரலாம்."

சனிக்கிழமை பூச்சண்டை, பூ அலங்கார வண்டிகள் வருகிற பெரிய ஊர்வலம். நாங்கள் தெருவுக்குள் நுழைகிற முனையில், ஒரு லாரி நிழலில் நீக்ரோ ஆட்டக் கோஷ்டிப் பையன்கள் வேஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கால்வாய்க்கரை ஊர்ப் பையன்கள். எண்ணெயில் குழைத்த கரியை உடம்பெல்லாம் அப்பி மினுங்க நின்றார்கள். எனக்கு ஐஸ் வாங்கணும் என்கிற அவசரம். எடில்சா நின்றுவிட்டாள்.

ஒருத்தன் வாய்க்குச் சிவப்பு பூசப் போனான். பூசுவதற்கு முன்னால் கரியில் விரலை விட்டு, உதடு இரண்டையும் ஓரம் விடாமல் கறுப்பாக்கினான். அதற்கு மேல்தான் சிவப்பு. நெருப்பு மாதிரி நின்றது அந்த வாய். மேலும் கீழும் ஒரே நிறம்.

அவள் அப்படி உற்றுப் பார்ப்பதைக் கண்டு இன்னொருத்தன் பல்லைக் காட்டினான். "என்ன அத்த, உங்களுக்கும் பூசணுமா? உங்களுக்குக் கரி மிச்சம்!"

கூட இருந்தவர்கள் கெக்கலித்தார்கள். எடில்சா அவனை நேராகப் பார்த்தாள்.

"ஆமாடா. உனக்கு இது நாலு நாளு. எனக்குத் தினமும். அதான் ஒழுங்காக் கத்துக்கிட்டுப் போறேன். கீழுதட்டுக்கும் கரி வைக்கிறது எதுக்கு?"

பையன் சிரிப்பை நிறுத்தினான். "வைக்கலேன்னா சிவப்பு ரெண்டு கலராத் தெரியும் அத்த. அடி ஒண்ணா இருக்கணும்."

"அடி ஒண்ணா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். ஊர்வலத்துக்கு எதிர்த்திசையில். மேளம் பின்னால் அடித்துக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் நான் தவறவிட்ட ஒரே பூச்சண்டை அதுதான். அவள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பிரவுன் புருவப் பென்சிலைச் சீவினோம். கீழுதட்டின் ரோஜா முழுவதையும் மேலுதட்டின் நிறத்துக்குக் கொண்டு வந்தாள். பிறகு சிவப்பு. முதலில் அசிங்கமாக வந்தது, துடைத்தாள். மறுபடி தடித்துவிட்டது, துடைத்தாள். உதடு புண்ணாகிற வரைக்கும் செய்தாள். ஞாயிறும் செய்தாள், திங்களும் செய்தாள். செவ்வாய் சாயங்காலம் தொமாசா உள்ளே எட்டிப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். போய், தன் நல்ல தோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மறுநாள் சாம்பல் புதன். விரத காலத்தின் முதல் நாள். தோன்யா மிரேயாவின் சட்டத்தில் வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் கவுண்டரில் ஒருத்தியும் லிப்ஸ்டிக் பூசக் கூடாது.

"வியாழக்கிழமை பூசிட்டுப் போ" என்று கெஞ்சினேன். "ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுது?"

"புதன்கிழமைன்னு சொன்னாரு. வெறும் வாயோட போனா, கிடைக்கலன்னு அர்த்தம். மத்தியானமே யுரானிஸ் என் நாற்காலில உக்காந்திருப்பா. வியாழக்கிழமை நான் சேவல் எடை போட்டுட்டு இருப்பேன்."

புதன் காலை நாங்கள் நாலு பேரும் நெற்றியில் சாம்பல் சிலுவையும் வெளிறிய உதடும் கார்னிவல் தலைவலியுமாக உட்கார்ந்திருந்தோம். எடில்சா வந்தாள். நெற்றியில் சாம்பல். காதில் தொமாசாவின் தோடு. அந்தச் சிவப்பு வாய்.

எப்படிச் சொல்ல? எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு அழகாக இருந்தாள். கன்னம் மினுங்கியது, பல் பளிச்சென்று தெரிந்தது, கண்கூடப் பெரிதானது மாதிரி இருந்தது. சேப்பே வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வாயைத் திறந்தார். மூடினார். "காலை வணக்கம், எடில்சா" என்று சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸின் பயணிகள் பட்டியலை எடுத்துக்கொண்டு போனார்.

எட்டு மணிக்கு முதலாளி வந்தார். பின்னால் தோன்யா மிரேயா, அவளுக்குப் பின்னால் ஸ்கார்ஃப் கட்டின யுரானிஸ்.

"எடில்சா!" தோன்யா மிரேயாவின் கை தன் நெற்றிச் சாம்பலுக்குப் போனது. "இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமா உனக்கு?"

"முதலாளி குடுத்த நாளும்மா."

தொன் அனிபால் அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "சாம்பல் புதன்ல போயி... கடவுளுக்கு அடுக்குமா?"

"முதல் பூசைக்குப் போயிட்டுத்தான் வரேன் ஐயா. நெத்தியப் பாருங்க. சாமியாரு நெத்தியத்தான் கேட்டாரு, குடுத்தேன். வாயக் கேட்டது நீங்க. இதோ இருக்கு. பாத்துச் சொல்லுங்க."

 அவர் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மனைவி பக்கம் திரும்பவே இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், தரையைப் பார்த்து.

"கேக்கல ஐயா. பதினோரு வருஷம் பஸ் இஞ்சின் பக்கத்துல நின்னவ, காது கொஞ்சம் மந்தம்."

"நல்லா இருக்கு! போதுமா? ரொம்ப நல்லா இருக்கு. உக்காரு."

யுரானிஸ் ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். அந்தப் பெண் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது. அவளுக்கு இந்த வேலையே பிடிக்காது என்று பிற்பாடு சொன்னாள். தோன்யா மிரேயா மட்டும் கவுண்டர் பக்கத்திலேயே நின்றாள். குரலை இறக்கினாள். "அது எந்தக் கேட்டலாக்? நம்பர் சொல்லு. நானும் வரவழைக்கிறேன்."

"சொல்ல மாட்டேன்மா."

"என்னது?"

"நீங்க அதை வாங்கிக் கம்பெனி சிவப்புன்னு பேர் வெச்சு அஞ்சு பேருக்கும் பூசுவீங்க. இவளுங்க பாவம்." எங்களைக் காட்டினாள். நான் சிரிப்பை அடக்க மேசைக்கடியில் எதையோ தேடினேன். "அவங்கவங்களுக்கு அவங்கவங்க தேடிக்கட்டும். அடுத்து யாரு?"

அடுத்து நின்றது ஒரு பெரியம்மாள். எடில்சாவைவிடக் கறுப்பு, தலையில் துணி, காலடியில் ஒரு வாளி. ரொம்ப நேரமாக வரிசையில் நின்று, தன் முறை வந்தும் டிக்கெட் கேட்காமல் கண்ணாடி வழியாக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போகணும்மா?"

"சான் ஓனோஃப்ரே." கொஞ்சம் நிறுத்தினாள். "மகளே, அது எனக்கு நிக்குமா?"

எடில்சா டிக்கெட் மெஷினிலிருந்து கையை எடுத்தாள். "முகத்தக் கிட்ட கொண்டாங்க. கீழுதட்டக் காட்டுங்க. ம், எனக்கு இருக்கிற மாதிரியேதான்." பைக்குள் கைவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

"இன்னைக்குப் போய் பூசிக்கிறதா?" என்றது வரிசையில் ஒரு குரல்.

"எனக்கு அறுவத்தி மூணு வயசு" என்றாள் பெரியம்மாள் திரும்பாமலே. "இத்தன வருஷம் பூசிக்காம இருந்ததே போதும்." சொல்லிவிட்டுக் கண்ணாடியில் சில்லறை தள்ளுகிற ஓட்டைக்குக் குனிந்து வாயைக் கொடுத்தாள்.

எடில்சா ஓட்டை வழியாகக் கையை நீட்டி, ஒரு கையால் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல் ரோஜா நிறத்தை மூடினாள். லிப்ஸ்டிக்கின் நுனியைக் காகிதத்தில் துடைத்துவிட்டு மேலுதட்டில் ஆரம்பித்தாள். பெரியம்மாளுக்குப் பின்னால் வாளியோடும் பையோடும் நின்ற இன்னும் இரண்டு பெண்கள் முன்னால் நகர்ந்து வந்தார்கள். தொன் அனிபால் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே சான் ஓனோஃப்ரே வழியாகப் போகிற மொந்தேரியா பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. சேப்பே நீளமாக ஹாரன் அடித்தார்.

"அடிச்சுக்கோ!" என்று எடில்சா பார்சல் ஆபீஸ் குரலில் கத்தினாள். கை ஆடவில்லை. "கீழுதடு இன்னும் பாக்கி இருக்கு!"